லிஃப்ட் மெக்கானிக் கூக்கோவின் இருநூற்று நாற்பத்தொரு துரோகங்கள்

அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ரெஃபூஹியோ பன்யுவேலோஸ். அந்தப் பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிடுகிறவர்கள் இருவர்தான்: அரசாங்கம் ஒன்று, கோபத்தில் இருக்கும்போது அவர் மனைவி ஒப்தூலியா இன்னொன்று. மற்றபடி மெக்சிகோ நகரம் முழுவதும் அவர் கூக்கோதான்.

வேலை, லிஃப்ட் பழுது பார்ப்பது. இருபத்தேழு வருஷமாக அதே கம்பெனி, அதே நீலத் தொப்பி. லிஃப்ட் குழிக்குள் அவர் இறங்குவதைப் பார்க்க வேண்டும். முதலில் கால் போகும், அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் போகாது. கூக்கோ மூச்சை இழுத்துப் பிடித்து குவாதலூப்பே மாதாவை வேண்டிக்கொள்வார். மாதா மனமிரங்கியதும் வயிறு போகும். அந்த வயிறு ஒரே நாளில் வந்ததில்லை. இருபத்தேழு வருஷம் வேலை நேரத்தில், கம்பெனியின் சம்பளத்தில், தெருத் தெருவாக வளர்த்தது.

லிஃப்ட் உள்ள ஒவ்வொரு கட்டடத்திலும் மொட்டை மாடியில் ஒரு மோட்டார் அறை இருக்கும். அங்கே சுவரில் ஒரு அட்டை தொங்கும். வந்த மெக்கானிக் தேதியும் செய்த வேலையும் அதில் எழுத வேண்டும். கம்பெனி இன்ஜினியர்கள் ஒருவரும் அவ்வளவு படி ஏறி அந்த அட்டையைப் பார்த்ததில்லை. அதனால் அந்த அட்டைகள் மெக்கானிக்குகளின் சொந்தச் சொத்தாகிவிட்டன. கூக்கோ எழுதுவது இப்படி இருக்கும்: ‘நாலாம் மாடிக் கதவு இழுக்கிறது. எண்ணெய் விட்டேன். எதிர்முனை நீலக்குடைக் கடை, வியாழன் மட்டும், குழியில் புதைத்து வேகவைத்த ஆட்டுக்கறி. சாற்றைக் கேட்டு வாங்கவும், தானாகத் தரமாட்டாள்.’ இன்னொன்று: ‘கயிறு சரி. மோட்டார் சரி. தபாலாபீசுக்குப் பக்கத்து மீன் டாக்கோ சரியில்லை. ஒரு நாள் படுத்துவிட்டேன்.’

எந்தக் கட்டடத்துக்கு எவன் போனாலும் முதலில் அட்டையைத்தான் பார்ப்பான். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் கதவைத் தட்டுவதெல்லாம் அதற்கு அப்புறம். நான் மிகைப்படுத்தவில்லை. ரோமா பேட்டையில் ஒரு நோட்டரி இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் ஐம்பது நிமிஷம் தொங்கிக்கொண்டிருந்தார். கூக்கோ அட்டையைப் படித்துவிட்டு, அதில் இருந்த எறும்பு முட்டைக் கடை மூடுவதற்குள் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்துதான் அவரை இறக்கினார். வெளியே வந்த நோட்டரி கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாராம். கூக்கோவுக்கு மூன்று நாள் மனசு கேட்கவில்லை. நாலாம் நாள் கேட்டுவிட்டது.

இப்படி ஊரையே நாக்கால் அளந்த மனிதருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு பயம் இருந்தது. அதன் பெயர் நாபோர்.

நாபோரும் கூக்கோவும் போர்த்தாலெஸ் பேட்டையில் ஒரே தெருவில் மூக்கு ஒழுகத் திரிந்தவர்கள். கூக்கோவின் மகள் யாரெட்சி பிறந்தபோது நாபோர்தான் ஞானத்தகப்பனாக நின்று அவள் தலையைப் பிடித்தார். அன்றிலிருந்து இருவரும் கொம்பாத்ரேக்கள். பெற்றவனும் ஞானத்தகப்பனும் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிட வேண்டும், கூடப்பிறந்தவனுக்கும் ஒரு படி மேல். அதுவரை வாடா போடா என்று இருந்தவர்கள், கோயில் வாசல் தாண்டியதும் வாங்க போங்க என்று மாறிவிட்டார்கள். எங்கள் ஊரில் அதுதான் மரியாதை. இருபத்தி நாலு வருஷமாக அந்த ‘நீங்க’ மாறவில்லை.

நாபோருக்கு மருந்துக்கடை மூலையில் டாக்கோக் கடை. சிவப்பு மிளகாய் மசாலாவில் ஊறிய பன்றிக்கறியை அடுக்கடுக்காகக் கம்பியில் குத்தி நிறுத்தி, நெருப்புக்கு முன்னால் சுற்ற விடுவார். உச்சியில் ஒரு அன்னாசி. இரண்டு சோள ரொட்டியை இடக்கையில் ஏந்திக்கொண்டு, வலக்கைக் கத்தியால் கறியைச் சீவி, கடைசியில் கத்தியை ஒரு சுண்டு சுண்டுவார். அன்னாசித் துண்டு பறந்து வந்து டாக்கோவுக்குள் உட்காரும். கடைக்கு முன்னால் நடைபாதை உடைந்து ஒரு படி துருத்திக்கொண்டிருக்கும். நகராட்சிக்கு ஒன்பது முறை எழுதிப் போட்டும் பலனில்லை. அதனால் யார் கிளம்பினாலும் நாபோர் ஒரு குரல் கொடுப்பார்.

கிளம்புகிறவர் சும்மா போகக்கூடாது அல்லவா? இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவர்களைப் பார்த்து, முன்பின் தெரியாதவர்களானாலும், "நல்லாச் சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் நகர வேண்டும். சாப்பிடுகிறவர்கள் வாயில் எது இருந்தாலும் பதில் சொல்லியாக வேண்டும். சொல்லாதவனை வளர்ப்பு சரியில்லாதவன் என்பார்கள். கூக்கோவின் "நல்லாச் சாப்பிடுங்க" லிஃப்ட் குழிக்குள் ஏழு மாடிக்குக் கத்திக் கத்திப் பழகிய குரலில் வரும், குடைத்துணி ஆடும். எல்லோருக்கும் சேர்த்து நாபோர் பதில் சொல்வார்: "நன்றிங்க! படி பாத்துப் போங்க!"

இதெல்லாம் நல்ல குணம். கெட்ட குணம் ஒன்று இருந்தது. நாபோருக்குப் பொறாமை. தன் வாடிக்கையாளன் இன்னொரு கடையில் டாக்கோ சாப்பிட்டான் என்று தெரிந்தால் தண்டனை உண்டு. முதல் குற்றத்துக்கு அன்னாசி வராது. இரண்டாவதுக்கு இரண்டு ரொட்டிக்குப் பதில் ஒன்றுதான் வரும், உள்ளே இருப்பதெல்லாம் செருப்பில் விழும். மூன்றாவதுக்குப் பெயர் போய்விடும். தலைவரே, ராஜா, டாக்டரே என்று கூப்பிட்ட வாய் வெறும் ‘சார்’ என்று கூப்பிடும். பல் டாக்டர் ஒருவர் சார் ஆகி நாலு வருஷம் ஆகிறது. இன்றைக்கும் அந்தப் பக்கம் வரும்போது எதிர்ச்சாரிக்கு மாறி நடக்கிறார்.

ஆகவே கூக்கோ ஊர் முழுக்கச் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் நாபோர் கடைக்கு வந்து, இடமில்லாத வயிற்றில் நாலு டாக்கோவை அடைத்துக்கொள்வார். நாபோர் கத்தியைத் தீட்டிக்கொண்டே கேட்பார்.

"இன்னிக்கு வேற எங்கயும் வாய வைக்கலையே, கொம்பாத்ரே?"

"ஞாயித்துக்கிழமை பூசைல சாமியார் குடுக்குற அப்பத்தத் தவிர வேற எவன் கைலயும் நான் சாப்பிடுறதில்ல, கொம்பாத்ரே."

"அதானே பாத்தேன்."

ஒப்தூலியாவுக்கு மட்டும் எல்லாம் தெரியும். வீட்டுக்கு வந்ததும் சட்டைக் காலரைப் பிடித்து முகர்வாள். "மத்தவளுங்க புருஷன் சட்டைல லிப்ஸ்டிக் தேடுறாளுங்க. நான் பச்சைச் சட்னியத் தேடுறேன். என்னய்யா பொழப்பு இது? இன்னிக்கு யாரு, அந்த ஷொச்சிமில்கோகாரியா?"

"ரெண்டே ரெண்டு தான்டி."

"நெத்தில மல்லித்தழை ஒட்டிருக்கு. தொடச்சிட்டு அந்தாளு கடைக்குப் போங்க."

இந்த நிலைமையில்தான் யாரெட்சிக்குக் கல்யாணம் கூடி வந்தது. மாப்பிள்ளை எலிசேயோ அஸ்கபோட்சால்கோ பக்கத்துப் பையன். எங்கள் கல்யாணங்களில் செலவைக் கல்யாணத்துக்கென்று நிற்கும் ஞானத்தகப்பன்மார் ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்வார்கள், கேக் ஒருவர், மோதிரம் ஒருவர், வாத்தியக் கோஷ்டி ஒருவர் என்று. நாபோர் யாரையும் கேட்கவில்லை. "என் பொண்ணு கல்யாணத்துக்கு டாக்கோ என்னோடது. இருநூறு பேருக்கு," என்று நெஞ்சில் தட்டிக்கொண்டார். கூக்கோவின் கண் கலங்கியது. ஒப்தூலியாவின் கண் கலங்கவில்லை. அவளுக்குப் புருஷனைத் தெரியும்.

"இங்க பாருங்க," என்றாள் வீட்டுக்கு வந்ததும். "கல்யாணம் முடியிற வரைக்கும் வாயக் கட்டுங்க. அந்த மனுஷனுக்கு ஒரு வார்த்தை காதுல விழுந்துச்சு, டாக்கோவும் கிடையாது, கொம்பாத்ரேயும் கிடையாது. இருநூறு பேருக்கும் நீங்கதான் முட்டை பொரிச்சுப் போடணும்."

கூக்கோ மாதா படத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தார். அந்தச் சத்தியம் ஆறு வாரம் தாங்கியது. அவரைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

கல்யாணத்துக்குப் பதினொரு நாள் இருக்கும்போது, ஒரு செவ்வாய்க்கிழமை, அவரை அஸ்கபோட்சால்கோவில் ஒரு ஆறு மாடிக் கட்டடத்துக்கு அனுப்பினார்கள். அட்டையைப் பார்க்கக்கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் மொட்டை மாடி ஏறினார். மேலே போனதும் பார்த்துவிட்டார். லாசரோ என்ற மெக்கானிக்கின் கோணல் கையெழுத்து: ‘பிரேக் மாற்றினேன். பின்தெருவில் “தூக்கம் வராத காளை”. கம்பிக்கறி. கூக்கோ, நீ படிப்பாய் என்று தெரியும். தொப்பியைக் கழற்றிவிட்டு உள்ளே போ.’

அன்றைக்குச் செவ்வாய். நாபோர் கடைக்கு விடுமுறை. செவ்வாய்தோறும் அவர் உப்புத் தண்ணீரில் காலை ஊறப் போட்டுக்கொண்டு டிவியில் மல்யுத்தம் பார்ப்பார் என்பது பேட்டைக்கே தெரிந்த விஷயம். ‘ஒரு டாக்கோ, ருசிக்கு மட்டும்,’ என்று கூக்கோ தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தொப்பியைப் பைக்குள் திணித்தார். மாறுவேஷம் போதவில்லை என்று தோன்றியது. பைக்குள் தவறுதலாக வந்திருந்த ஒப்தூலியாவின் படிக்கிற கண்ணாடியை எடுத்து மாட்டினார். ரோஸ் கலர் ஃபிரேம். போட்டதும் உலகமே கலங்கிப் போயிற்று. வாசல் என்று நினைத்து முதலில் ஒரு தபால்பெட்டியைத் தள்ளினார்.

பன்றிக்கறி விற்கும் கடைக்கு ஏன் காளையின் பெயர் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. நீளமான கூடம், மொசைக் தரை, பிளாஸ்டிக் மேஜைகள். மூலையில் மங்கலாக ஒரு வைக்கோல் தொப்பி, அதற்குக் கீழே விரித்துப் பிடித்த மெனு அட்டை. கூக்கோ சுவர் ஓரமாக உட்கார்ந்தார்.

"என்ன குடுக்கட்டும், தலைவரே?" என்றாள் பரிமாறும் பெண்.

"ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு."

ஒன்று வந்தது. கூக்கோ கடித்தார். கடித்தவர் கையை மேஜையில் ஊன்றிக்கொண்டார். கறியின் ஓரம் மொறுமொறு, உள்ளே சாறு. புளிப்பு முதலில் வராமல், மிளகாய் தன் வேலையை முடித்துவிட்டுப் போனபிறகு மெதுவாக வந்தது. நாபோர் கையில் புளிப்புத்தான் முதலில் வரும். இருபது வருஷமாக அதைச் சொல்ல வேண்டும் என்று கூக்கோவின் நாக்கு துடித்திருக்கிறது, தைரியம்தான் வந்ததில்லை. ரோஸ் கண்ணாடிக்குள் கண்ணீர் முட்டியது. அது ஆனந்தமா துக்கமா என்று அவருக்கே தெரியவில்லை. அந்தச் சந்தேகத்திலேயே இன்னும் ஆறு சாப்பிட்டார்.

அதோடு எழுந்து பேசாமல் போயிருக்கலாம். வேறு எந்த ஊர்க்காரனும் போயிருப்பான். எங்கள் ஊர்க்காரனால் முடியாது. வாசலில் நின்று, கை தானாக உயர்ந்து, அந்த ஏழு மாடிக் குரல் வந்தது.

"நல்லாச் சாப்பிடுங்க!"

கூடமே வாய் நிறைய நன்றி சொன்னது. அதற்கும் மேலாக, மூலையிலிருந்து ஒரு குரல் முழங்கியது.

"நன்றிங்க! படி பாத்துப் போங்க!"

கூக்கோ குனிந்து பார்த்தார். மொசைக் தரை பலகை போல இருந்தது. படியே கிடையாது. கண்ணாடியைக் கழற்றினார். மூலைக்குப் போனார்.

"கொம்பாத்ரே?"

மெனு அட்டை இன்னும் ஒரு விரல் உயர்ந்தது.

"கொம்பாத்ரே, அட்டையத் தலைகீழாப் புடிச்சிருக்கீங்க."

அட்டை மெல்ல மெல்ல இறங்கியது. வைக்கோல் தொப்பிக்குக் கீழே நாபோரின் முகம். மீசையில் பச்சைச் சட்னி.

"நீங்க இங்க என்ன பண்றீங்க?" என்று இருவரும் ஒரே மூச்சில் கேட்டார்கள்.

"லிஃப்ட் ரிப்பேருக்கு வந்தேன்," என்றார் கூக்கோ.

"இந்தக் கடைக்கு மாடியே கிடையாது."

"அதான் பாத்துட்டுக் கிளம்பிட்டேன். நீங்க?"

"அன்னாசி வாங்க வந்தேன்."

"போர்த்தாலெஸ் சந்தைல அன்னாசி இல்லையா?"

"இருக்கு. ஆனா இங்க..." நாபோர் கையால் வட்டம் போட்டுக் காட்டினார். "இங்க உருண்டையா இருக்கும்."

அந்த நேரம் பார்த்துப் பரிமாறும் பெண் வந்து நின்றாள். "செவ்வாக்கிழமை அய்யா, வழக்கம்போல இன்னொரு அஞ்சு போட்டுரட்டுமா?"

"வழக்கம்போலயா!" கூக்கோவின் குரல் லிஃப்ட் குழிக்குப் போய்விட்டது. "உப்புத்தண்ணி! மல்யுத்தம்! அந்தப் பல் டாக்டரு பாவம் மூணே மூணு தடவ எவன் கடைலயோ நின்னதுக்கு நாலு வருஷமா எதிர்ச்சாரில நடக்குறாரு. நீ இங்க வாரா வாரம் உக்காந்து தின்னுட்டு இருக்கியாடா!"

"டேய், நீ மட்டும் என்ன? பொம்பளைக் கண்ணாடிய மாட்டிக்கிட்டு வந்து தின்னவன்தானடா!"

இருபத்தி நாலு வருஷத்து ‘நீங்க’ இரண்டு வாக்கியத்தில் போயிற்று. இருவருக்கும் அது காதில் விழுந்தது. இருவருக்கும் வெட்கமாகிவிட்டது. பக்கத்து மேஜைக்காரர்கள் நாற்காலியை இந்தப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள்.

நாபோர்தான் முதலில் பேசினார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"உக்காருங்க, கொம்பாத்ரே. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எல்லாம் இந்தப் பேட்டை. பொறந்ததுலேர்ந்து இந்தக் கடைக் கறியத் தின்னு வளந்தவங்க. யாரெட்சி கல்யாணத்துக்கு வந்து என் டாக்கோவக் கடிச்சிட்டு, ‘இதுதானா பொண்ணு வீட்டு டாக்கோ’ன்னு ஒரு பார்வை பாத்தா என் பொண்ணு மூஞ்சிய நான் எப்படிப் பாப்பேன்? ஒன்றரை மாசமா வரேன். இவன் கறில என்ன போடுறான்னு புடிபட மாட்டேங்குது. ராத்திரி தூக்கம் இல்ல." அவர் தட்டைத் தள்ளி வைத்தார். "உண்மையச் சொல்லுங்க. இது என்னோடதவிட நல்லா இருக்கா?"

கூக்கோ வாயைத் திறந்தார். ‘உங்க கைக்கு ஈடு இந்த ஊர்லயே இல்ல’ என்ற வாக்கியம் இருபது வருஷப் பழக்கத்தில் நுனிநாக்குக்கு வந்து நின்றது. ஆனால் நாபோர் அப்படி அழுவதுபோல் உட்கார்ந்து அவர் பார்த்ததில்லை. பொய் சொல்ல மனசு வரவில்லை.

"கறி இவனோடதுதான் நல்லா இருக்கு," என்றார். "நீங்க வினிகர் ஜாஸ்தி ஊத்துறீங்க. கொஞ்சம் நாரத்தம்பழச் சாறு போடணும். தெப்பீத்தோல ஒரு நொண்டி மனுஷன் அப்படித்தான் போடுறான். சிவப்புச் சட்னில உங்கள அடிக்க ஆளில்ல, சத்தியமா. பச்சை மட்டும் கொயோவாகான் சந்தை வாசல்ல ஒரு அம்மா வைக்குது பாருங்க, அது வேற. ரொட்டி உங்களோடதும் சரியில்ல, இவனோடதும் சரியில்ல. ஷொச்சிமில்கோல ஒருத்தி கைல தட்டுறா, ஊதா சோளம், அப்படியே மெத்து மெத்துனு..."

கூக்கோ சொல்லிக்கொண்டே போனார். இருபத்தேழு வருஷம் அட்டைகளில் மட்டும் எழுதி அடக்கி வைத்ததெல்லாம் மடை திறந்துகொண்டது. பக்கத்து மேஜைக்காரர் ஒருவர் காகிதக் கைத்துண்டில் விலாசங்களைக் குறித்துக்கொண்டார். நாபோர் முதலில் தலையாட்டிக் கேட்டார். அப்புறம் தலை ஆடுவது நின்றது.

"கொம்பாத்ரே," என்றார். "மொத்தம் எத்தனை கடை?"

"எது?"

"நீங்க சாப்பிட்ட கடை."

உண்மை சொல்ல ஆரம்பித்தவனுக்கு நிறுத்தத் தெரியாது. "இருநூத்து நாப்பது," என்றார் கூக்கோ. "இதோட இருநூத்து நாப்பத்தொண்ணு."

நாபோர் மீசையைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

"நான் ஒரு கடைக்கு வந்தேன். அதுவும் பொண்ணுக்காக," என்றார். "வரேன், சார்."

சார்! கூக்கோவுக்கு வயிற்றில் இருந்த ஏழு டாக்கோவும் கல்லாகிப் போயின. "கொம்பாத்ரே, கல்யாணம்..."

"பாப்போம்," என்று சொல்லிவிட்டு நாபோர் போய்விட்டார்.

எங்கள் ஊரில் ‘பாப்போம்’ என்று தச்சனும் சொல்வான், மந்திரியும் சொல்வான். சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று இதுவரை ஒருவரும் கண்டுபிடித்ததில்லை.

மறுநாள் கூக்கோ கடைக்குப் போனார். "எத்தனை வேணும், சார்?" என்ற நாபோர், ஒற்றை ரொட்டியில் டாக்கோ கொடுத்தார். அன்னாசி பறக்கவில்லை. ரொட்டி கிழிந்து கறி கூக்கோவின் இடது செருப்பில் விழுந்தது. கிளம்பும்போது "நல்லாச் சாப்பிடுங்க" என்றார் கூக்கோ, ஒரு மாடிக்குக்கூடக் கேட்காத குரலில். "நன்றி சார்," என்றார் நாபோர். படியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கூக்கோ தடுக்கி விழுந்தார்.

அதற்கப்புறம் அவர் எங்கேயும் சாப்பிடவில்லை. அட்டைகளில் ‘எண்ணெய் விட்டேன்’ என்பதோடு முடித்துக்கொண்டார். வல்லே பேட்டைக் கட்டடத்தில் அப்படி ஒரு அட்டையைப் பார்த்த லாசரோ, கூக்கோவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று போன் பண்ணி அழுதான். ஒப்தூலியா அழவில்லை. நடந்ததைக் கேட்டதும் சந்தைக்குப் போய் இருபது அட்டை முட்டை வாங்கி வந்து, படுக்கையறையில் கூக்கோ படுக்கிற பக்கமாக அடுக்கி வைத்தாள். கூக்கோ பத்து நாளும் சோபாவில் படுத்தார்.

கல்யாணம் சனிக்கிழமை. பன்னிரண்டு மணிக்குப் பூசை முடிந்து, பேட்டைக் கூடத்தின் முற்றத்தில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். வாத்தியக் கோஷ்டி மூன்று பாட்டு வாசித்தது. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் நாலு மேஜையை நிறைத்துக்கொண்டு, பசித்த கண்ணோடு சுற்றிப் பார்த்தார்கள். அவர்களில் தெலெஸ்ஃபொரோ என்று மாப்பிள்ளைக்கு ஒரு மாமா. அவர் ஒரு சனிக்கிழமை தவறாமல் தூக்கம் வராத காளையில் சாப்பிடுகிறவர்.

"பொண்ணு வீட்டு டாக்கோ எப்ப வரும்?" என்று கேட்டார்.

"இதோ வந்துகிட்டே இருக்கு," என்றார் கூக்கோ. முதுகெல்லாம் வேர்த்துவிட்டது. மணி இரண்டு. யாரெட்சி கல்யாண உடையோடு வந்து, "அப்பா, என் ஞானத்தகப்பன் எங்கப்பா?" என்று கேட்டபோது அவர் மறுபடி வாசலைப் பார்த்தார். மகள் முகத்தைப் பார்த்ததும், இந்த நாக்கை அறுத்து எறிந்தால் என்ன என்று தோன்றியது. பின்னால் ஒப்தூலியா பட்டு உடையின் கையைச் சுருட்டிக்கொண்டு வாணலியை எடுத்தாள். "மொதோ முட்டைய நீங்க உடைங்க, ரெஃபூஹியோ பன்யுவேலோஸ்."

அப்போது வாசலில் ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது. நாபோர் வெள்ளைச் சட்டையோடு இறங்கினார். பின்பக்கத்தில் வெள்ளைத் துணி சுற்றிய கம்பிக்கறி. அதைப் பிடித்துக்கொண்டு ஒரு தடித்த பெண், மடியில் ஊதா மாவுப் பாத்திரம். பார்த்ததும் கூக்கோவுக்கு அவளை அடையாளம் தெரிந்தது. ஷொச்சிமில்கோகாரி! அவளுக்குப் பின்னால் கொயோவாகான் சந்தை வாசல் அம்மா, இரண்டு குடம் பச்சைச் சட்னியோடு. கடைசியாகக் கைத்தடியை ஊன்றிக்கொண்டு தெப்பீத்தோ மனிதன், தோளில் ஒரு மூட்டை நாரத்தம்பழம்.

பத்து நாளும் நாபோர் என்ன செய்தார் என்று கூக்கோவுக்கு அப்போதுதான் விளங்கியது. கூக்கோ சொன்ன ஒவ்வொரு கடைக்கும் அவர் போயிருக்கிறார். கூக்கோவின் இருபத்தேழு வருஷத் திருட்டுத்தீனி அவர் மகள் கல்யாணத்தில் வண்டியைவிட்டு இறங்கிக்கொண்டிருந்தது. அந்த வயிற்றுக்காரர் முற்றத்தின் நடுவில் நின்று விம்மி விம்மி அழுதார். பெண்ணைப் பிரியும் துக்கம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

முதல் டாக்கோ தெலெஸ்ஃபொரோ மாமாவுக்குப் போயிற்று. அவர் கடித்தார். மென்றார். மாப்பிள்ளை வீட்டு நாலு மேஜையும் அவர் தாடையைப் பார்த்தது. ஏற்கெனவே தீட்டிய கத்தியை நாபோர் மறுபடி தீட்டினார்.

"காளைக்காரன்கிட்ட இனிமே என்னத்தச் சொல்லுவேன்!" என்று தெலெஸ்ஃபொரோ மாமா தொடையில் தட்டினார். "இன்னொரு ஆறு போடுங்க, ராஜா!"

அதோடு கூட்டம் அடுப்பை மொய்த்தது. யாரெட்சி ஓடிவந்து நாபோரைக் கட்டிக்கொண்டாள், கல்யாண உடையெல்லாம் சிவப்பு மசாலா. கூக்கோ வரிசையில் நூற்றுமுப்பதாவது ஆளாக, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். முறை வந்தது.

"எத்தனை, சார்?"

"ஒண்ணு போதுங்க."

நாபோர் ஒரே ஒரு ரொட்டியை எடுத்தார். கறியைச் சீவினார். அன்னாசி பக்கமே திரும்பவில்லை.

"எத்தனை நாளைக்கு இப்படி?" என்று கூக்கோ மெதுவாகக் கேட்டார்.

"கடைக்கு ஒண்ணு. இருநூத்து நாப்பத்தொண்ணு டாக்கோ. இது மொதோ ஒண்ணு."

கூக்கோ தலையாட்டினார். நியாயமாகத்தான் பட்டது. டாக்கோவை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு திரும்பினார். பழக்கதோஷம், வாய் சும்மா இருக்கவில்லை.

"எல்லாரும் நல்லாச் சாப்பிடுங்க!"

"நன்றிங்க!" என்று நாபோரின் குரல் வந்தது. கொஞ்சம் இடைவெளி விட்டு, "படி பாத்துப் போங்க, கொம்பாத்ரே!"

அந்த முற்றத்தில் நிஜமாகவே ஒரு படி இருந்தது. கூக்கோ அதைப் பார்க்கவில்லை. அந்தக் கடைசி வார்த்தை காதில் விழுந்ததும் முகமெல்லாம் பல்லாகத் திரும்பியவர், அப்படியே மல்லாக்க விழுந்தார். வாத்தியம் நின்றது. ஒப்தூலியா வாணலியோடு ஓடி வந்தாள். கூக்கோ படுத்திருந்தார், வலது கை மட்டும் ஆகாயத்தைப் பார்த்து நிமிர்ந்து நின்றது. அதில் டாக்கோ, ஒரு துணுக்குக்கூடச் சிந்தாமல்.

பன்னிரண்டு அடி தள்ளி நாபோர் கத்தியை ஒரு சுண்டு சுண்டினார். அன்னாசித் துண்டு இரண்டு மேஜைகளுக்கு மேலாகப் பறந்து வந்து டாக்கோவுக்குள் உட்கார்ந்தது. கூக்கோ எழுந்திருக்காமல், படுத்தபடியே அதைச் சாப்பிட்டு முடித்தார்.